இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்

என் மூத்தவனுக்கு,

நீ எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த தாள் இந்த உறைக்குள் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் உள்ள ஜோ மின்னும் பாஸ்போர்ட்டில் உள்ள முருகேசனும் ஒரே ஆள்தான் என்று முத்திரை குத்திய தாள். அதை எடுத்துக்கொண்டு உன் மாலை நேரத் தொழிற்பள்ளிக்கு ஓடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிடு. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை கோயில் வகுப்புக்கு அனுப்பினால் பின்வாசல் வழியாகப் பந்தாடப் போனவனுக்கு வேறு எப்படி வரும்? ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரியக்கூடாது. போனில் பேசவும் எனக்குப் பயம். அடுத்த தெருப் பெண் மா கின், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக வியாழக்கிழமை மிலானுக்கு விமானம் ஏறுகிறாள். உனக்குக் கொடுக்கிற பலாச்சாங் இறால்பொடி பாட்டிலோடு இதையும் அவள் பையில் வைக்கிறேன்.

முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளுக்காக நான் எட்டு மாதமாகக் குடும்பப் பட்டியல் வைத்திருக்கும் அலுவலகத்துக்குள் நுழையவே இல்லை. திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு மூடிவிட்டார்கள் என்றேன், எழுத்தர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றேன், மழைத் தண்ணீர் உள்ளே வந்து காகிதமெல்லாம் நனைந்துவிட்டது என்றேன், பெரியவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். எல்லாம் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற பிள்ளையிடம் மறைக்கலாம், மிகவும் சுலபமாக மறைக்கலாம். போன மாதம் நீ கூப்பிட்டு, கெடு முடிந்துவிட்டது, முதல் வருஷத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொன்னாய். நீ கோபித்துக்கொள்வாய் என்று காத்திருந்தேன். நீயோ, "பரவால்லம்மா, ஆபீஸ்காரங்க அப்படித்தான், நீ என்ன பண்ணுவ" என்றாய். அந்த அலுவலகத்தில் யாரும் உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, ராசா. செய்தது நான்.

இரண்டு பெயர் உனக்கு எப்படி வந்தது என்று நீ ஒருமுறை கேட்டாய், நான் சிரித்து மழுப்பினேன். இப்போது கேள். கோயிலில் வைத்த பெயர் முருகேசன். உன் அப்பாவின் ஆசை அது. குடும்பப் பட்டியலிலும் அதைத்தான் எழுதினார், உன் பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்துத்தான் வந்தது. பள்ளியில் சேர்க்கும் நாளன்று அவருக்கு நகராட்சியில் தெருவிளக்கு வேலை, அதனால் நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நமக்கு முன்னால் நின்ற ஒரு தமிழ்ப் பையனைச் சுற்றி நாலு பிள்ளைகள் 'கலா, கலா' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நம் நிறத்தைப் பார்த்து இங்கே சொல்லும் சொல் அது, உனக்குத் தெரியாததா? அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு தன் பச்சை லௌன்ஜிக் கைலியின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். சயாமா டீச்சர் பேனாவைத் தூக்கிக்கொண்டு பையன் பெயர் என்ன என்று கேட்டார். நான் தையல்காரி. அன்று காலையில்தான் ஒரு பர்மியப் பையனின் சட்டைப்பையில் பெயர் தைத்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பெயர் வாயில் வந்துவிட்டது. ஜோ மின் என்றேன். சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னபோது, "யார் பெத்த புள்ளைக்கு யார் பேரு?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நம் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இரண்டு பெயர் உண்டு. நாளைக்கு என்ன ஆகும் என்று எந்தத் தாயும் யோசிக்கவில்லை. அடி விழாமல் பிள்ளை வீடு திரும்பினால் போதும் என்றிருந்தது எங்களுக்கு.

அப்படித்தான் தன்லியின் பாலத்தைத் தாண்டிப் போய் நீ படித்த தொழில்நுட்பப் பள்ளியின் சான்றிதழும் ஜோ மின் பெயரில் வந்தது. மின்சாரப் பிரிவில் இரண்டாவதாகத் தேறினாய். அதை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. இப்போது அதையும் ஒத்துக்கொள்கிறேன். என் மகன் கோட்டு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் நடப்பான் என்று தாமுவே சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நீ எண்ணெய்க் கறையோடு பஸ்ஸில் வந்து இறங்கியது எனக்கு அவமானமாக இருந்தது. உன் அப்பா மட்டும் அந்தச் சான்றிதழைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், மின்கம்பத்தின் கீழே நின்ற எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். நீ கப்பல் வேலைக்குப் போனாய், அப்படியே இத்தாலியில் இறங்கிக்கொண்டாய்.

திஞ்ஜானுக்கு முன்னால் உன் பள்ளியைப் பற்றி நீ பர்மியில் எழுதி அனுப்பினாயே, பதினொரு பக்கம். பள்ளியின் கதை, ஐந்து வருஷப் பாடத்திட்டம், எந்த வருஷம் என்னென்ன பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பட்டறை எல்லாம். தெருமுனைக் கடையில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். தாளின் ஓரம் நைந்துவிட்டது. கல்லுடைப்பவர்களுக்கும் தச்சர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் வரையக் கற்றுக்கொடுத்த ஒரே அறைதான் முதலில் பள்ளி என்று எழுதியிருந்தாய். கோட்டுப் படம் பார்க்கத் தெரியாததால் மேஸ்திரி ஏமாற்றுகிறான் என்று வேலைக்காரர்கள் முறையிட, ஊர்ப் பாதிரியார் தன் வீட்டுக் கூடத்தைக் கொடுத்தாராம். பிறகு பட்டு ஆலைக்காரர்கள் இரண்டு கடைசல் இயந்திரம் கொடுத்ததும் பட்டறை வந்ததாம். முதல் பதிவேட்டில் பாதிப் பேருக்குப் பெயர் எழுத வராமல், மலையடிவாரத்துக் கல்தச்சன், பாலத்தடித் தச்சனின் மகன் என்றுதான் வாத்தியார் எழுதி வைத்தாராம். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பெயரே இல்லாதவனைச் சேர்த்துக்கொண்ட பள்ளி, இரண்டு பெயர் வைத்திருக்கும் என் பிள்ளையை ஏன் வாசலில் நிறுத்துகிறது என்று தையல் இயந்திரத்திடம் சண்டை போட்டேன்.

பாடத்திட்டத்தையும் விடவில்லை. முதல் இரண்டு வருஷம் எல்லாருக்கும் பொது. அவர்கள் மொழி, சரித்திரம், கணக்கு, இயற்பியல், வேதியியல், கோட்டுப் படம். மூன்றாம் வருஷத்தில்தான் பிரிகிறார்கள், இயந்திரம் ஒரு பக்கம், மின்சாரம் ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம். ஐந்தாம் வருஷ முடிவில் பெரிய பரீட்சை. பகலில் கீரை கழுவிப் பொட்டலம் போடும் ஆலையில் நின்றுவிட்டு, ஆறு மணிக்கு மேல் வாரத்தில் நான்கு நாள் நீ வகுப்புக்குப் போகவேண்டும். இங்கே படித்ததை ஒத்துக்கொண்டால் நேராக மூன்றாம் வருஷம் மின்சாரத்தில் உட்காரலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடியிலிருந்து தொடங்கவேண்டும், இரண்டு வருஷம் வீண். இதையெல்லாம் நான் உன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

காரணம் குமரன். உன் பெயர் விஷயத்தில் அப்பாவிடம் சூடு பட்ட பிறகு தம்பியைப் பள்ளியில் சேர்க்கும்போது நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். குடும்பப் பட்டியலில் குமரன், பள்ளியில் குமரன், அடையாள அட்டையில் குமரன், எங்கே பார்த்தாலும் ஒரே பெயர். பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பதினெட்டு முடிந்த பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்ததும்தான் எனக்குத் தலை சுற்றியது. பட்டியலைப் பார்த்துத்தான் பெயர் எடுக்கிறார்கள். உனக்கு இரண்டு பெயர் வைத்துத் தப்புச் செய்தேன், அவனுக்கு ஒரே பெயர் வைத்துத் தப்புச் செய்தேன். அவனுக்குப் பத்தொன்பது ஆகிறது. இதுவரை யாரும் கூப்பிடவில்லை. வார நாட்களில் கியாக்தானில் உன் அத்தை கடையில் இருப்பான், வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பி வந்து சனி ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பான். அலுவலகத்தில் நம் வீட்டுப் பட்டியல் தாள் ஏதோ ஒரு கட்டின் அடியில் கிடக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை, தொடாதவரை நல்லது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஆள்தான் என்று கடிதம் கேட்டுப் போனால் அந்தத் தாளை எடுப்பார்கள், பிரிப்பார்கள், மூத்தவன் எங்கே என்பார்கள், அடுத்த வரிக்கு விரல் நகரும். அந்த விரலை நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், துணி வெட்டும்போதும் சோறு வடிக்கும்போதும்.

ஒரே ஒருமுறை, மழைக்காலத்தில், எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அந்த அலுவலக வாசல் வரை போனேன். உள்ளே நாலு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வெற்றிலைக் கடையில் நின்று ஒரு கூன்யா வாங்கி மென்றேன், நான் வெற்றிலை போடுவதில்லை என்று உனக்குத் தெரியும். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஊரில் சொல்வார்கள். உன் கண்ணில் சுண்ணாம்பு வைத்தவள் நான்தான். உனக்கு இரண்டு வருஷம் போகும், அவனுக்கு உயிரே போகலாம் என்று கணக்குப் போட்டேன். நீயும் ஒரு நாள் பிள்ளை பெற்றால், இப்படி ஒரு தராசு உன் கையில் வராமல் இருக்கவேண்டும். வந்துவிட்டால், எடை போட்டதை மறைக்காதே. எந்தப் பிள்ளைக்குத் தட்டு ஏறியதோ அவனிடம் சொல்லிவிடு. நான் சொல்லியிருந்தால் நீ முதல் நாளே "தம்பிய பாத்துக்கோம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லியிருப்பாய். எனக்கு அதுவும் தெரியும். நீ அப்படிச் சொல்வாய் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. கேட்டால் உன்னிடம் கடன்பட்டவள் ஆகிவிடுவேன், பொய் சொன்னால் அலுவலகம்தான் கெட்டது, நான் நல்லவள்.

போன மாதம் நீ கூப்பிட்டது சனிக்கிழமை. குமரன் வீட்டில் இருந்தான், பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தான். ஜனவரிப் புது வருஷத்துக்குள் தாள் வந்தால் நடுவிலேயே மூன்றாம் வருஷத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளி அலுவலகத்து அம்மாள் சொன்னதாக நீ சொன்னாய். நான் உடனே, நேற்றுக்கூடப் போனேன், பூட்டிக் கிடக்கிறது என்றேன். போனை வைத்ததும் அவன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"அம்மா, நேத்து ஆபீஸ் தொறந்துதான் இருந்துச்சு. நான் பஸ்ஸுல வர்றப்ப பாத்தேன்."

நான் வெட்டிய துணிகளை மடிக்கத் தொடங்கினேன். அவன் பெயருக்குப் பயந்துதான் நான் போகவில்லை என்று அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்று தலையாட்டினேன். அன்று முழுக்க அவன் உன் பதினொரு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தான். போர்க்காலத்தில் கடைசி வருஷ வகுப்பில் ஒரே ஒரு பையன் மிஞ்சினான், மற்றவர்களில் சிலரைப் படைக்குக் கொண்டுபோனார்கள், சிலர் மலைக்குத் தப்பிப் போனார்கள், வாத்தியார் அந்த ஒருவனுக்கே முழுப் பாடத்தையும் நடத்தினார் என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்தி, "மலைக்குப் போனவங்க திரும்பி வந்து பரீச்சை எழுதினாங்களாம்மா?" என்றான். நீ அதை எழுதவில்லை. தெரியவில்லையே என்றேன். போய்க் கேட்டு எழுதச் சொல்லலாம் என்று சிரித்தான். எனக்கு அப்போதாவது உறைத்திருக்கவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமைக் காலையில், வழக்கம்போலக் கியாக்தான் பஸ்ஸுக்குப் போகிறேன் என்று பையோடு கிளம்பினான். மொஹிங்கா சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன். சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மத்தியானம் உன் அத்தை கூப்பிட்டு, பையன் ஏன் வரவில்லை என்று கேட்டாள். தையல் இயந்திரத்தில் ஊசிக்காலுக்குக் கீழே ஒரு சீட்டு இருந்தது, பர்மியில் நாலு வரி. கூட்டாளிகள் இரண்டு பேரோடு கிழக்கே எல்லைப் பக்கம் போகிறேன், அந்தப் பக்கம் தாண்டிவிட்டுக் கூப்பிடுகிறேன், இனிமேல் வீட்டில் கண்டுபிடிக்க யாரும் இல்லை, நீ பயப்படாமல் போய் அண்ணனின் தாளை வாங்கு. அவ்வளவுதான் எழுதியிருந்தான். கீழே தன் பெயரைக்கூடப் போடவில்லை. அவன் போய் இன்றோடு பதினொரு நாள். போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னைக் கூப்பிட்டு, தம்பி பேசினானா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேனே, நீ இல்லையே என்றாயே, அது இதற்காகத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ அங்கே வேலையை விட்டுவிட்டு எதையாவது செய்யக் கிளம்பாதே. இங்கே வராதே. முதலில் அந்தப் பள்ளி அலுவலகத்து அம்மாளிடம் தாளைக் கொடு, பணிவாகப் பேசு, நம் ஊரில் பேசுவதுபோல் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்காதே, அங்கே அதைத் திருட்டுமுழி என்று நினைப்பார்கள். மூன்றாம் வருஷம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முதல் வருஷத்தில் வெட்கப்படாமல் உட்கார். கோட்டுப் படத்தில் நீ எப்போதும் அவசரக்காரன், அதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொள். பட்டறையில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள். குளிரில் வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே. எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்து இனி நான் முகம் சுளிக்கமாட்டேன். உன் சான்றிதழின் நகலைச் சட்டம் போட்டு உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். பத்து வருஷம் பிந்தி மாட்டினேன், அதுவும் எனக்குத் தெரியும்.

தாள் வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் போன நாலாம் நாள், நான் குளித்து, நல்ல தமெய்ன் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவன் சின்னப் பையன், உன் வயதுகூட இருக்காது. என்னை அன்ட்டி என்று கூப்பிட்டு நாற்காலி போட்டான். நம் வீட்டுத் தாளை எடுத்தான், உன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தான், சான்றிதழைப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தானே அன்ட்டி?" என்றான். ஆமாம் என்றேன். தமிழ் ஆட்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது, வாரம் இரண்டு பேர் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே எழுதினான். மூத்தவன் எங்கே என்று கேட்கவில்லை. விரல் அடுத்த வரிக்குப் போகவில்லை. தாளை மடித்துக் கட்டுக்குள் செருகிவிட்டான். நான் எழுந்திருக்கவில்லை. எட்டு மாதமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன், பெரியவன் கப்பலில், சின்னவன் இருமல்காரன், ஊரில் இல்லை, எல்லாம் மனப்பாடம். கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். "வேற ஏதாச்சும் வேணுமா அன்ட்டி?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் ஒரு அரைமணி இருக்கும். மறுநாள் வக்கீலும் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவள் என்று என்னை நீ சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஒரு வேளை வேறொரு நாள், வேறொரு ஆள் இருந்திருந்தால் கேட்டிருப்பானோ என்னவோ. அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன், அது நிற்கமாட்டேன் என்கிறது.

குமரன் எனக்கு முன்னால் உன்னைத்தான் கூப்பிடுவான். அவன் அப்படித்தான், என் குரலைக் கேட்டால் அழுதுவிடுவான். கூப்பிட்டால் எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, யாரோடு இருக்கிறான் என்று கேள். திட்டாதே. தாள் வந்துவிட்டது, அவனால்தான் வந்தது என்று சொல். மறைக்காதே என்று உன்னிடம் இவ்வளவு எழுதியவளே கேட்கிறேன், எனக்காக ஒரே ஒரு பொய் மட்டும் சொல். அலுவலகத்தில் அம்மாவிடம் என்ன கேட்டார்கள் என்று அவன் கேட்பான். குமரன் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள் என்று அவனிடம் சொல்.

அம்மா